எல்லை கடந்த இருப்புப்பாதை

விழுப்புரத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் இருப்புப்பாதை 38 கிலோமீட்டர் நீளமே உடையது. விருத்தாசலம் சந்திப்பில் நெடுந்தூர வண்டிகளைக் கண்டு பழகிய நமக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆயினும் நம் ஊருக்குத் தண்டவாளம் வந்தது 1920களின் இறுதியில்தான். அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1879 டிசம்பரில், அப்பாதை திறக்கப்பட்டுவிட்டது.

அன்று விழுப்புரம் ஆங்கிலேயர் வசம். புதுவை பிரெஞ்சுக்காரர் வசம். 1878-இல் இரு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டன. பிரெஞ்சு மண்ணில் அமைந்த பகுதி புதுச்சேரி இரயில்வே கம்பெனிக்கு உரியது. வண்டிகளை ஓட்டியதோ தென்னிந்திய இரயில்வே. நோக்கம் வணிகமே. நம் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுவைத் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி, மார்செய்ல் நகரத்து எண்ணெய் ஆலைகளை அடைந்தது.

அந்த ஆண்டுகளை மறந்து இவ்வரலாற்றைப் படித்தல் தகாது. தாது வருடப் பஞ்சம் தணிந்து ஓராண்டே ஆகியிருந்தது. பஞ்ச காலத்தில் இரயில் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை; விலை மிகுந்த ஊர்களுக்கு அதே தானியத்தை அள்ளிச் சென்றதும் உண்மை. பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களிடம் அக்காலத்தில் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களை இகழ்வோர் இன்றும் உளர். பசித்தவன் தன்னைப் பசியாற்றியவரை நம்பியதில் இகழ்ச்சிக்கு என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வில்லியனூரில் லூர்து அன்னையின் சுரூபம் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தது 1877-இல். இரண்டே ஆண்டுகளில் இரயிலும் அவ்வூரில் நின்றது. மல்லாட்டைக்காகப் போட்ட பாதையில் யாத்திரீகர் வரத் தொடங்கினர். வளவனூரில் ஏறியவர் வில்லியனூரில் இறங்கும்போது வேறொரு பேரரசில் கால் வைத்தார்! திரும்பும் வழியில் சுங்கச் சோதனை உண்டு. மெழுகுவர்த்தியும் தீர்த்தமும் சுமந்தவருக்கு அதில் கவலையில்லை. புதுவைச் சாராயம் சுமந்தவருக்குத்தான் கவலை.

1952 புயலில் புதுவையின் பழைய இரும்புப் பாலம் கடலில் சரிந்தது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியும் விடைபெற்றது. மீட்டர் பாதையும் பின்னர் அகலப் பாதையாயிற்று. பாஸ்காவுக்குப் பின்வரும் திருவிழா நாட்களில் வில்லியனூர் நிலையத்தில், இடுப்பில் குழந்தையும் கையில் மெழுகுவர்த்திக் கட்டுமாக, நம் மக்கள் இன்றும் இறங்குகிறார்கள்.