உழைத்த உடலும் உடலை அறியும் கல்வியும்

விளையாட்டைப் பற்றி எழுதுவதற்குக் கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் இடமுண்டோ என்று நம் பெரியவர்களுள் சிலர் வினவக்கூடும். படிக்க வேண்டிய பிள்ளை பந்தின் பின்னே ஓடிக் கெட்டான் என்று வருந்திய தலைமுறை அது. அவ்வருத்தத்திற்குக் காரணமும் உண்டு. ஆயினும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் விளையாடுவது அன்று. விளையாட்டையும் உடற்பயிற்சியையும் பல்கலைக்கழகத்தில் ஓர் அறிவியலாகக் கற்பதே நம் பொருள். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் நம்மிடையே நெடுநாளாக நிலவுகிறது. அக்கல்வி எவ்வழியே நம் நாட்டிற்கு வந்தது, அதன் வாயிலில் நம் மக்கள் எங்கே நின்றனர் என்பதை இங்கே காண்போம்.

திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி எனும் இப்பகுதி இன்று ஆலைகளாலும் குடியிருப்புகளாலும் நிறைந்திருப்பினும், முன்னாளில் ஏரிப் பாசனத்தை நம்பிய நாட்டுப்புறமே. ஏர் பிடித்தவரும், நாற்று நட்டவரும், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவரும், களத்தில் நெல் அடித்தவரும் பெரும்பாலும் சேரிகளில் வாழ்ந்த நம் முன்னோரே. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றியபோது, வயலில் குனிந்த முதுகுகள் பல ஆலை வாயிலுக்கு வந்து சேர்ந்தன. உழைப்பின் இடம் மாறிற்று. உடலே முதலீடு என்னும் நிலை மாறவில்லை. உடலால் உழைப்பவன் உடலைப் பற்றி அறிய வேண்டுவதில்லை, அறிபவன் உழைக்க வேண்டுவதில்லை என்பது சாதிமுறை செய்த பிரிவினை. மருத்துவமும் பொறியியலும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று போராடிய நாம், உடலின் இயக்கத்தை ஆராயும் இக்கல்வியை மட்டும் ஏனோ கண்டும் காணாமல் விட்டுவிட்டோம்.

விளையாட்டிலும் இப்பிரிவினை இருந்தது. ஒரு சான்று போதும். நீந்தக் கற்பதற்குக் குளம் வேண்டும். ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்கும் உரிமையே மறுக்கப்பட்ட ஒருவன் நீச்சல் வீரன் ஆவது எங்ஙனம்? பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று சொல்வதற்கே 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானமும், அதன்மேல் அரசாணையும் தேவைப்பட்டன. இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் முதலியோர் அம்மன்றத்தில் எழுப்பிய குரலை நம் இளைஞர்கள் அறிந்திருப்பர். 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகியதையும் அறிந்திருப்பர். அப்போராட்டங்கள் குடிநீருக்காகவும் மானத்திற்காகவும் நடந்தவை. எனினும் குளமும் திடலும் பொதுவானாலன்றி விளையாட்டும் பொதுவாகாது என்பதையும் அவற்றோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் பல்வங்கர் பாலுவின் வரலாற்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். நம் இளைஞர்களுள் கிரிக்கெட்டை நேசிப்போர் மிகப் பலர். பாலுவை அறிந்தோர் மிகச் சிலர். 1876இல் தார்வாரில் சமார் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். புனே நகரில் ஐரோப்பியர் விளையாடிய கிரிக்கெட் திடலில் ஊழியராக அமர்ந்தார். ஆடுகளத்தை உருளையிட்டுச் சமன் செய்வதும், கோடு போடுவதும், பயிற்சி வலை கட்டுவதும், வெள்ளைக்காரத் துரைமார் பயிற்சி பெறுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசுவதும் அவர் வேலை. அந்நாளில் பெயர்பெற்ற மட்டையாளரான கிரெய்க் என்பாருக்கு அவர் வீசிய பந்துகளுக்குக் கணக்கில்லை. மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு அளிக்கப்படவில்லை. பின்னர் இந்துக்களின் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டபோது திடலில் அவர் தொட்ட பந்தை மற்றவரும் தொட்டனர்; தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடாரத்திற்கு வெளியே மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகையவருக்கு அணித்தலைமை இறுதிவரை கிட்டவில்லை. அவர் தம்பி விட்டலே 1923இல் இந்து அணியின் தலைவரானார். இளம் அம்பேத்கர் பாலுவைப் பெரிதும் மதித்துப் பாராட்டினார். 1937 தேர்தலில் இருவரும் எதிரெதிராக நின்றது வேறு கதை. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட நூலினால்தான் இவ்வரலாறு பரவலாகத் தெரியவந்தது.

பாலு இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். மணிக்கட்டின் திருகல், விரலின் பிடி, காற்றில் பந்தின் வளைவு, எந்த மண்ணில் எவ்வளவு திரும்பும் என்னும் நுட்பம் இவையனைத்தும் அவர் கைக்குத் தெரியும். தம் கையால் உருளையிட்ட களமல்லவா! அவ்வறிவைக் கேட்டு எழுதி வைத்தவர் எவருமிலர். இன்று இவற்றையே பயோமெக்கானிக்ஸ் எனும் உடலியக்க விசையியல் என்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கின்றனர்; வேகமான கேமராக்களால் படம் பிடித்து, மூட்டுகளின் கோணங்களை அளந்து பட்டம் அளிக்கின்றனர்.

இனி அக்கல்வி நம் நாட்டிற்கு வந்த வழியைப் பார்ப்போம். அதன் தொடக்கம் நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1919இல் சென்னைக்கு வந்து, அடுத்த ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் நிலைபெற்று இன்று நந்தனத்தில் விளங்கும் உடற்கல்விக் கல்லூரி அதுவே. ஆசியாவிலேயே இத்துறையில் முதன்முதலாகத் தோன்றிய நிறுவனங்களுள் அஃது ஒன்று. பக், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் பயின்றவர். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது அங்கேதான். நம் தெருமுனைத் திடல்களில் இளைஞர்கள் ஆடும் கூடைப்பந்தும் கைப்பந்தும் ஒய்.எம்.சி.ஏ. வழியாக உலகெங்கும் பரவியவையே. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்குப் பக் மேலாளராக இருந்தார், 1943இல் மறைந்தார்.

அப்பள்ளியில் சாதி பார்த்துக் கதவை அடைக்கவில்லை. ஆனால் அங்குச் செல்லப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். அக்காலத்தில் நம் மக்களுள் பள்ளியிறுதியை எட்டியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆல்காட் 1894இல் அடையாற்றில் தொடங்கிய பஞ்சமர் பள்ளியும், மிஷன் பள்ளிகளும், பின்னர்த் தொழிலாளர் நலத்துறை நடத்திய பள்ளிகளும் எழுத்தறிவித்தன. அவற்றுள் பலவற்றில் விளையாட்டுத் திடல் என்று சொல்லத்தக்கது இருக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது; படிக்கட்டுதான் இல்லை.

விடுதலைக்குப் பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1957இல் குவாலியரில் இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியும், 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனமும் அமைந்தன. தமிழ்நாட்டில் காரைக்குடி, கோவை முதலிய இடங்களிலும் உடற்கல்விக் கல்லூரிகள் தோன்றின. ஆயினும் மக்கள் மனத்தில் இக்கல்வி பெற்றவர் ‘டிரில் மாஸ்டர்’ ஆகவே இருந்தார். கழுத்தில் விசில், கையில் பிரம்பு, காலையில் இறைவணக்க வரிசை, அதற்குமேல் அவருக்கு என்ன தெரியும் என்பதே பொது எண்ணம். பி.டி. பீரியடைக் கணக்காசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது நம் பள்ளிகளின் மரபாகவே ஆகிவிட்டது. (தேர்வு நெருங்கினால் மட்டுமன்று, நெருங்காவிட்டாலும்.)

மேனாட்டிலோ இதே காலத்தில் உடலியக்கம் ஆய்வுக்கூடத்திற்குள் சென்றிருந்தது. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920இலும், இங்கிலாந்தின் ஏ.வி. ஹில் 1922ஆம் ஆண்டிற்கும் நோபல் பரிசு பெற்றனர். முன்னவர் தசையின் நுண்குழல்களில் குருதி ஓடும் முறையையும், பின்னவர் தசை இயங்கும்போது தோன்றும் வெப்பத்தையும் ஆராய்ந்தவர்கள். முதுகில் காற்றுப்பை கட்டிக்கொண்டு புல்தரையில் வட்டமாக ஓடச் செய்து, ஓடுபவர் வெளிவிடும் மூச்சைப் பிடித்து அளந்தார் ஹில், அவரும் ஓடினார். ஒருவரது உடல் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜனை ஏற்க வல்லது என்பதற்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்பது இதனால் புலனாயிற்று. பயிற்சியற்ற இளைஞருக்கு அது மூன்று லிட்டரோ அதனினும் குறைவோ ஆகும். தேர்ந்த நெடுந்தொலை ஓட்டக்காரருக்கு ஐந்து லிட்டரையும் எட்டும்.

இவ்வளவைக் காண்பதற்கு ஆய்வுக்கூடங்களில் பயன்படும் கருவி எது தெரியுமா? நிலையாக நிறுத்தப்பட்ட ஒரு சைக்கிள்தான். குரோக் 1913இலேயே அத்தகையதொன்றை அமைத்தார். ஸ்வீடனில் ஆஸ்ட்ராண்டு தம்பதியர் 1954இல் வகுத்த முறைப்படி, அதனை ஆறு நிமிட அளவு மிதிக்கச் செய்து நாடித்துடிப்பை எண்ணினாலே உடலின் உச்ச ஆற்றலை ஓரளவு கணக்கிடலாம். சைக்கிளுக்குப் பெயர்போன அம்பத்தூர்ப் பகுதியினரான நாம் இதனை அறியாதிருப்பது முரண் அல்லவா! சைக்கிளைக் கோத்துத் தந்த கைகள் இங்குள்ளன. அதே சைக்கிளில் மனித இதயத்தை அளக்கும் கைகளும் இங்கிருந்தே எழலாம்.

இவ்வறிவியல் பதக்கம் வெல்வோர்க்கு மட்டும் உரியது என்று எவரேனும் நினைத்தால், இலண்டன் பேருந்துகளின் கதையைக் கேட்க வேண்டும். ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் அந்நகரின் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள்வரை ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு என்பது அவர் கண்டது. இதில் ஒரு சுவையான பின்குறிப்பும் உண்டு. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருத்த இடையினராக இருந்தனர் என்பதை, அவர்களுக்கு வழங்கிய சீருடைக் காற்சட்டைகளின் அளவிலிருந்து மாரிஸ் தாமே பின்னர் எடுத்துக்காட்டினார். தம் முடிவைத் தாமே ஐயுற்று ஆராய்வது அறிவியலின் அழகு. ஆயினும் உடலியக்கம் இதயத்தைக் காக்கும் என்னும் அடிப்படைக் கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்றுண்டு. இந்தியத் தொழிலாளர் நாளெல்லாம் தாங்கத்தக்க வேலைப்பளு எவ்வளவு என்பதை சாகா முதலிய இந்திய ஆய்வாளர்கள் அளந்து, 1979இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டனர். எட்டு மணி நேர வேலையில் உடலின் உச்ச ஆக்சிஜன் ஏற்பளவில் ஏறத்தாழ 35 விழுக்காட்டிற்கு மேல் செலவாகலாகாது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 110 என்னும் அளவில் நிற்க வேண்டும் என்பது அவர்தம் கருத்து. நெல் மூட்டை சுமந்த நம் பாட்டனின் நாடியை அன்று எவரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் சோம்பேறி என்று அவனை ஏசிய பண்ணையாருக்கு மறுமொழி கிடைத்திருக்கும். கூலி, ஓய்வு, சுமையின் எடை, வெயிலில் வேலை நேரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் தொழிற்சங்கத்திற்கு இந்த எண்கள் வாதக் கருவிகள். அக்கருவியைக் கையாளத் தெரிந்தவர் நம்மிடையே இருக்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2005 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ளது. உடற்பயிற்சி உடலியங்கியல், விளையாட்டு உளவியல், யோகம், விளையாட்டு மேலாண்மை எனப் பல பிரிவுகள் அங்குண்டு. நமக்கு அண்மையிலுள்ள போரூரில், ஸ்ரீ இராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலில் இளநிலைப் பட்டம் பயிலலாம். அது தனியார் நிறுவனம் ஆதலின் கட்டணத்தை முன்னரே விசாரித்தல் நன்று. அரசு இடங்களில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடு ஒதுக்கீடும், அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உள்ளன. பள்ளிக்குப் பிந்தைய படிப்பிற்கான மைய அரசின் உதவித்தொகை 1944இல் டாக்டர் அம்பேத்கரின் முயற்சியால் தோன்றியது. வருமான வரம்பிற்கு உட்பட்டு அஃது இக்கல்விக்கும் கிடைக்கும்.

மாணவர் தெளிவாக அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உள்ளது. பி.பி.எட். என்பது ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் பயிலும் ஆசிரியப் படிப்பு. 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப்பின் அஃது ஈராண்டுக் காலத்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விழைவோர்க்கு அது ஒரு வழி. அதில் சேர விளையாட்டுத் திறனும் உடல் தகுதியும் சோதிக்கப்படும். விளையாட்டு அறிவியல் பட்டம் வேறு. அங்கு வேகமாக ஓடுபவரைவிட, ஓட்டத்தின் காரணத்தை வினவுபவரே விரும்பப்படுவர். உடற்கூறு, வேதியியல், இயற்பியல், புள்ளியியல் எல்லாம் வரும். மாவட்ட அளவில் ஓடிப் பரிசு வாங்கிய பிள்ளை, அது போதும் என்று எண்ணிப் பதினோராம் வகுப்பில் அறிவியற் பிரிவைத் தவிர்த்துவிட்டுப் பின்னர் இப்பட்டத்தின் வாயிலில் நிற்கும் நிலை நேரலாகாது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அவ்வாரத்திலேயே, எந்தப் பிரிவில் சேர்வது என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் சங்கத்தின் படித்த உறுப்பினர் ஒருவரோடு அமர்ந்து பேசிவிடுதல் வேண்டும். பெண் பிள்ளைகளின் பெற்றோர்க்கு இதனை இருமுறை சொல்கிறோம்.