பகைவரிடத்து அருள்

பகைவரிடத்து அருள் என்பது தீங்கிழைத்தவருக்கும் தீங்கு நினையாமை, இயன்றால் நன்மையே செய்தல் என்னும் அறம். இதைச் சமயங்கள் யாவும் ஒரே பொருளில் கூறுகின்றன என்பர் சிலர். சூழலும் நோக்கமும் வேறு என்பர் பிறர்.

தொடக்ககாலம்: பகையைப் பகையால் தணிக்க இயலாது என்பது தம்மபதத்தின் முதல் அதிகாரத்திலேயே உள்ளது. கலிங்கப் போருக்கு வருந்திய அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு மன்னிப்பையும் பேசுகிறது, காட்டுவாழ் மக்களை எச்சரிக்கவும் செய்கிறது. இயேசுவின் மலைப்பொழிவு பகைவரை நேசிக்கச் சொல்கிறது. கி.பி. 630இல் மக்காவை வென்ற நபிகள் நாயகம், தம்மை எதிர்த்த குறைஷியருள் மிகப் பெரும்பாலோரை மன்னித்தார்.

தமிழ் மரபு: திருக்குறளின் 32ஆம் அதிகாரமான ‘இன்னாசெய்யாமை’ இவ்வறத்தை உரைக்கிறது; ஆசிரியரின் காலமும் சமயமும் முடிவாகவில்லை. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்லும் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு தனித்துக் குறிக்கத்தக்கது. திருக்கோவலூரை ஆண்ட அவரை, சிவனடியார் வேடத்தில் வந்த பகையரசன் முத்தநாதன் சுவடிக் கட்டில் மறைத்திருந்த ஆயுதத்தால் குத்தினான். வாளோங்கிய காவலன் தத்தனைத் தடுத்த நாயனார், கொலைஞனைத் தீங்கின்றி ஊர்கடத்தி விடச் சொன்னார். அவன் பத்திரமாகப் போன செய்தி வரும்வரை உயிர் தாங்கியிருந்தார். இது பகைவனுக்குக் காட்டிய அருளா, திருவேடத்துக்குச் செய்த மரியாதையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 20ஆம் நூற்றாண்டில் பாரதியார் ‘பகைவனுக்கருள்வாய்’ பாடினார்.

மும்பை, 1992–2003: பாபர் மசூதி இடிப்பையடுத்து 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் அறிக்கை தந்தது. கோவண்டியை ஒட்டிய தியோனார் வட்டாரமும் தாராவியும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. காரணங்களையும் காவல்துறையின் நடத்தையையும் ஆராய்வதே ஆணையத்தின் பணி. சமாதானம் மீண்ட கதைக்கு வேறு பதிவுகளை நாட வேண்டும்.

1970, 1984 ஆண்டுகளில் கலவரம் கண்ட, மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டியில் காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே 1988 முதல் இந்து, முஸ்லிம் இருசமயத்தாரும் அமரும் மொஹல்லா (வட்டார) குழுக்களை அமைத்தார். 1992இல் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. இப்பெருமை குழுக்களுக்கே உரியதா, விசைத்தறித் தொழிலில் இருசாராரும் ஒருவரையொருவர் சார்ந்திருந்ததற்கும் பங்குண்டா என்பது விவாதத்துக்குரியது. பின்னர் மும்பையில் முன்னாள் காவல் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, சமூக ஆர்வலர் சுஷோபா பார்வே, அப்போதைய காவல் ஆணையர் சதீஷ் சாஹ்னி ஆகியோரின் முயற்சியால் மொஹல்லா குழுக்கள் உருவாயின.

தாராவியில் பாவு கோர்டேயும் ஆயத்த ஆடைத் தொழில் நடத்திய வகார் கானும் அமைதிப் பணியில் கைகோத்தனர். நான்கு மதத்தாரின் உடையில் சிறுவர்கள் நிற்கும் ‘ஹம் சப் ஏக் ஹைன்’ (நாம் அனைவரும் ஒன்றே) சுவரொட்டி இவர்கள் பணியில் பெயர்பெற்றது. பிள்ளைகளின் முகங்களை முன்னிறுத்திய அந்த எளிய சுவரொட்டி, சேர்ந்து வாழும் நினைப்பை முன்வைத்தது. இவ்விருவரின் நட்பை, கோவண்டியை அடுத்த தியோனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆசிரியர்கள் அஞ்சலி மொன்டெய்ரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003இல் ‘நாத்தா’ என்னும் ஆவணப்படமாக்கினர்.

அண்மைக்காலம்: 1999இல் ஒடிசாவில் கணவரும் இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்ட கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்த அவருக்கு 2005இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.