கடாரத்துக் கற்களைக் காப்பவர்கள்

கெடாவில் வாழும் நமக்கு ஜெராய் மலை புதியதல்ல. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, அந்நாளில் கடலோடிகளுக்கு அடையாளமாக விளங்கியது. அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கே கடாரத்தின் துறைமுகப் பகுதி. கரங்கானிலிருந்து சுங்கைப் பட்டாணி வழியாக மெர்போக் சென்றால் இதைக் காணலாம்.

1936, 37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் இங்கே அகழ்வு நடத்தினர். ஏறக்குறைய முப்பது இடங்களுக்கு எண் கொடுத்து, அளந்து, வரைந்து வைத்தனர். தோண்டுவது எளிது, ஆனால் ஒருமுறை தோண்டிய மண்ணை மறுபடி பழைய அடுக்கில் வைக்க முடியாது. ஆகவே எந்தப் பொருள் எந்த ஆழத்தில் கிடந்தது என்று குறித்து வைப்பதே ஆய்வாளரின் முதல் கடமை.

வேல்ஸ் 8ஆம் எண்ணிட்ட புக்கிட் பத்து பகாட் கோயிலை, 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டர் லாம் மீண்டும் எடுத்துக் கட்டினார். அடித்தளத்திலிருந்து கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொன், வெள்ளிப் பொருள்களும் மணிகளும் இருந்தன. தூண் நட்ட அடிக்கற்களைக் கொண்டு கூரை மரத்தாலானது என்று அறிந்தார்கள். அந்த மரக்கூரை எப்படி இருந்தது என்பதற்குச் சான்றில்லை. ஆகவே அதைக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். நாமாக இருந்தால் அழகாக ஒரு கோபுரம் எழுப்பியிருப்போம்!

வேறு சில கோயில்களின் கற்களைப் பெயர்த்து மெர்போக் அருங்காட்சியகத்தில் அடுக்கியிருக்கிறார்கள். கற்கள் பிழைத்தன, ஆனால் அவை நின்ற ஆற்றங்கரை தனியாகிவிட்டது. வணிகர் ஏன் அங்கே கோயில் எழுப்பினர் என்பதை அந்த ஆறுதானே சொல்ல வேண்டும்?

இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது படையெடுத்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதனால் இங்குள்ளவை யாவும் சோழர் கட்டியவை என்று சொல்லிவிட முடியாது. படையெடுப்புக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய பௌத்தச் சின்னங்களும் இப்பள்ளத்தாக்கில் உண்டு. சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்து மண்ணுக்குள்ளே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இரும்பு உருக்கிய இடங்களையும் களிமண் ஊதுகுழாய்களையும் கண்டெடுத்தார்கள்.

2013இல் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த 11ஆம் எண் கோயிலின் எச்சத்தை, நிலத்தைச் சீர்செய்த இயந்திரங்கள் வாரிவிட்டன. தனியார் நிலம், பாதுகாப்புப் பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை. செய்தி வெளிவந்தபோது கோயில் இல்லை. வேல்ஸ் எழுதிவைத்த குறிப்பு மட்டும் எஞ்சியது.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டப்படி, பழம்பொருளைக் கண்டவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளம் வெட்டும்போது பழைய செங்கல் வரிசையோ சீன ஓட்டுச் சில்லோ தென்பட்டால், அதை வீட்டுக்கு எடுத்து வராமல், இருந்த இடத்திலேயே விட்டு மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். இடம் மாறிய சில்லைக் கொண்டு ஆய்வாளர் அதிகம் சொல்ல முடியாது.

விடுமுறையில் பிள்ளைகளோடு மெர்போக் போய் வாருங்கள். அருங்காட்சியகத்துக்கு மேலே, ஓடையருகில், 8ஆம் எண் கோயில் இன்னும் தன் இடத்திலேயே நிற்கிறது.