கோடை விடுமுறையும் கலைக்கூடங்களும்: தேசிய நவீனக் கலைக்கூடத்தின் ‘நைமிஷா’ குறித்து அறிய வேண்டியவை

புதுடெல்லி: கோடை விடுமுறை தொடங்கியதும் நாட்டின் முக்கியக் கலை அருங்காட்சியகங்கள் பள்ளி மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஓவியம், சிற்பம் உள்ளிட்ட பயிலரங்குகளை நடத்துகின்றன. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் ‘நைமிஷா’ கோடைக்காலக் கலை நிகழ்ச்சி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பொதுப்பணத்தில் திரட்டப்பட்ட கலைச்செல்வம் பொதுமக்களுக்கு எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்பதை அறிய இத்தகைய நிகழ்ச்சிகள் உதவுகின்றன.

கலைக்கூடத்தின் வரலாறு

டெல்லி இந்தியா கேட் அருகே, ஜெய்ப்பூர் மன்னரின் டெல்லி இல்லமாக 1936-ஆம் ஆண்டு கட்டப்பட்டது ஜெய்ப்பூர் மாளிகை. நடுவில் குவிமாடமும் இருபுறமும் விரியும் சிறகுகளுமாக, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த இக்கட்டடத்தில் 1954-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பிரதமர் ஜவாஹர்லால் நேரு முன்னிலையில் இதனைத் திறந்து வைத்தார். மும்பையில் 1996-ஆம் ஆண்டிலும் பெங்களூருவில் 2009-ஆம் ஆண்டிலும் கிளைகள் தொடங்கப்பட்டன. பெங்களூரு கிளை அரண்மனைச் சாலையில் உள்ள மாணிக்கவேலு மாளிகையில் இயங்குகிறது.

ராஜா ரவிவர்மா, அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில் முதலியோரின் படைப்புகள் இங்குப் பாதுகாக்கப்படுகின்றன. இவர்களின் படைப்புகள் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டுள்ளதால், அவற்றை நாட்டைவிட்டு வெளியே விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

தமிழகத்துடனான தொடர்பும் இங்கு உண்டு. சென்னை மெரினா கடற்கரையில் 1959-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய தேவி பிரசாத் ராய் சவுத்ரி. நால்வர் பாறையை நெம்பும் அதே சிற்பத்தின் மற்றொரு வடிவம் டெல்லி கலைக்கூட வளாகத்தில் நிற்கிறது.

‘நைமிஷா’ என்பது என்ன?

முனிவர்கள் ஒன்றுகூடிப் புராணங்களைக் கேட்டறிந்த இடமாகக் கூறப்படும் நைமிசாரண்யத்தை இப்பெயர் நினைவூட்டுகிறது. திருமங்கையாழ்வார் பாடிய தலமாகவும் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகவும் தமிழர்களும் அத்தலத்தை அறிவர்.

கொரோனா பெருந்தொற்றால் அருங்காட்சியகங்கள் மூடப்பட்டிருந்த 2020-ஆம் ஆண்டு, ஜூன் 8 முதல் ஜூலை 3 வரை ‘நைமிஷா’ இணையவழியில் நடத்தப்பட்டது. ஓவியம், சிற்பம், அச்சோவியம் ஆகியவற்றுடன், பல கலைகளை இணைக்கும் ‘இந்திரஜால்’ என்ற பயிலரங்கும் இடம்பெற்றது. 6 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குக் காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரையிலும், 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு மாலை 4 மணி முதல் 6 மணி வரையிலும் வகுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. பணியில் இருக்கும் கலைஞர்களே பயிற்சி அளிப்பது இதன் சிறப்பு.

காட்சிக்கூடத்தில் தடை, பயிலரங்கில் அனுமதி

கலைக்கூடத்திற்கு வரும் குழந்தைகள் அதிகம் கேட்கும் சொல் ‘தொடாதே’ என்பதாகும். இத்தடைக்குக் காரணம் உண்டு. விரல்களில் உள்ள வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் உலோகச் சிற்பங்களை அரிக்கும். வண்ணப் பரப்புகளைக் கறைப்படுத்தும். ஒளியும் கேடு விளைவிக்கும். காகிதத்தில் தீட்டப்பட்ட நீர்வண்ண ஓவியங்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் அளவுக்கு மிகாத மங்கலான வெளிச்சமே பரிந்துரைக்கப்படுகிறது. காட்சிக்கூடங்கள் அரையிருளில் இருப்பதற்கு இதுவே காரணம்.

எனவே, காட்சிக்கூடத்தில் மறுக்கப்படும் தொடுகையைப் பயிலரங்கு ஈடு செய்கிறது. களிமண்ணைக் கையில் எடுத்து உருவம் செய்பவர், உள்ளே கம்பிச் சட்டம் இல்லாவிட்டால் நீட்டிய கை சரிந்துவிடும் என்பதை அனுபவத்தில் உணர்கிறார். பின்னர் உழைப்பாளர் சிற்பத்தின் முன் நிற்கும்போது, சாய்ந்து நிற்கும் அந்த உடல்களின் எடையைச் சிற்பி எவ்வாறு தாங்க வைத்தார் என்ற கேள்வி அவருக்கு இயல்பாக எழும்.

அச்சோவியத்திலும் அவ்வாறே. லினோலியம் தகட்டில் செதுக்கும் உருவம் காகிதத்தில் இடம் வலம் மாறிப் பதியும். செதுக்கி நீக்கிய பகுதி வெண்மையாகவும் எஞ்சிய பகுதி கருமையாகவும் தோன்றும். ஒருமுறை நீக்கியதை மீண்டும் ஒட்ட இயலாது. இதைச் செய்து பார்த்தவருக்கு, உப்பு சத்தியாகிரகத்தையொட்டி 1930-ஆம் ஆண்டு நந்தலால் போஸ் உருவாக்கிய, கோலூன்றி நடக்கும் காந்தியின் லினோ அச்சோவியம் வேறு விதமாகத் தெரியும். கரிய பின்னணியில் மிகச் சில வெண்கோடுகளைக் கொண்டே காந்தியின் நடையை அவர் காட்டியிருப்பதன் அருமை அப்போது விளங்கும்.

உரிமையும் தூரமும்

சர்வதேச அருங்காட்சியகங்கள் மன்றம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறை, அருங்காட்சியகம் அனைவரும் அணுகக்கூடியதாகவும் அனைவரையும் உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. கல்வி, மகிழ்வு, சிந்தனை, அறிவுப் பகிர்வு ஆகியவை அதன் பணிகளாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.

இந்த அளவுகோலின்படி பார்த்தால், கோடைப் பயிலரங்குகளுக்கு இரு வரம்புகள் உள்ளன. கைவினைப் பயிற்சியில் ஒவ்வொருவரையும் ஆசிரியர் நேரில் கவனிக்க வேண்டியிருப்பதால் இடங்கள் குறைவாகவே இருக்கும். கலைக்கூடத்தின் மூன்று மையங்களும் பெருநகரங்களிலேயே அமைந்துள்ளதால், சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் வசிக்கும் மாணவர்களுக்குப் பயணமும் தங்குமிடமும் பெரும் தடையாகின்றன. தொலைவு என்னும் தடையை ஓரளவு கடக்க முடியும் என்பதை 2020-ஆம் ஆண்டின் இணையவழி வகுப்புகள் காட்டின. எனினும், திறன்பேசியும் தடையற்ற இணைய வசதியும் இல்லாத வீடுகளை அவ்வழியும் எட்டுவதில்லை. மூலப்படைப்பின் முன் நின்று பார்க்கும் அனுபவத்தையும் திரை தர இயலாது. நேரடிப் பயிலரங்கு, இணையவழி வகுப்பு ஆகிய இரண்டும் தொடர்வதே கூடுதல் மாணவர்களுக்குப் பயனளிக்கும்.

பங்கேற்க விரும்புவோர் கவனத்திற்கு

* நிகழ்ச்சி நாட்கள், கட்டணம், வயது வரம்பு ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. கலைக்கூடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வெளியாகும் அறிவிப்பைப் பார்த்து முன்பதிவு செய்வது நல்லது.

* தேவையான பொருட்களைக் கலைக்கூடமே வழங்குமா, பங்கேற்பாளர் கொண்டுவர வேண்டுமா என்பதையும், எந்த மொழியில் பயிற்சி நடைபெறும் என்பதையும் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

* கலைக்கூடத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வருவோர் இதற்கேற்பப் பயணத்தைத் திட்டமிடலாம்.

* 1977-ஆம் ஆண்டு முதல் மே 18-ஆம் தேதி சர்வதேச அருங்காட்சியக தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டிப் பல அருங்காட்சியகங்கள் சிறப்பு நிகழ்ச்சிகளை நடத்துவதால், பயிலரங்கில் இடம் கிடைக்காதவர்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

* பயிலரங்கிற்கு முன்பு ஒருமுறையும் முடிந்த பின்பு ஒருமுறையும் அதே ஓவியத்தையோ சிற்பத்தையோ குழந்தைகளுக்குக் காட்டுவது பயனளிக்கும். முதல் முறை கவனிக்காமல் கடந்துபோனதை இரண்டாம் முறை அவர்களே சுட்டிக்காட்டுவர்.