சூப்பர்மேனை வரைஞ்ச டொராண்டோக்காரர்

சூப்பர்மேன் எந்த ஊர்னு கேட்டா சின்னப் பசங்ககூட கிரிப்டான்னு சொல்லிடும். கொஞ்சம் பெரியவங்க அமெரிக்கான்னு சொல்வாங்க. ரெண்டுமே சரிதான். ஆனா அவரை முதல்ல பேப்பர்ல கொண்டுவந்த கை டொராண்டோல பிறந்த கை. கிங் தெரு மேற்குல லிபர்ட்டி வில்லேஜ் பக்கம் போனா, 'ஜோ ஷூஸ்டர் வே'ன்னு ஒரு சின்னத் தெரு இருக்கு. சுத்தி எல்லாம் கண்டோ கட்டடம். அந்தப் பலகையில இருக்கற பேருக்குச் சொந்தக்காரரோட கதைதான் இது. சூப்பர்மேன் கதையைவிட இதுல திருப்பம் அதிகம்.

ஜோ ஷூஸ்டர் பிறந்தது 1914 ஜூலை 10. அப்பா நெதர்லாந்தோட ராட்டர்டாம்ல இருந்து வந்த யூதர், தையல் தொழில். அம்மா கீவ் நகரத்துக்காரங்க. வீட்டுல கஷ்டம். படம் வரையத் தாள் வாங்க வழியில்லாம, கறிக்கடைல பொட்டலம் கட்டற பேப்பர், சுவர்ல ஒட்டற காகிதத்தோட பின்பக்கம்னு கிடைச்சதுல எல்லாம் வரைஞ்சிருக்கார். பள்ளிக்கூடப் பையனா இருக்கும்போதே 'டொராண்டோ டெய்லி ஸ்டார்' பத்திரிகையைத் தெருவுல வித்திருக்கார். அவருக்குப் பத்து வயசு வாக்குல குடும்பம் அமெரிக்காவோட கிளீவ்லாந்துக்குப் போயிடுச்சு.

இந்தப் பத்திரிகை வித்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆரம்பகால சூப்பர்மேன் கதைகள்ல கிளார்க் கென்ட் வேலை பார்த்த பத்திரிகையோட பேர் 'டெய்லி ஸ்டார்'. 1940-லதான் அது 'டெய்லி பிளானட்' ஆச்சு. மெட்ரோபோலிஸ் நகரத்தோட கட்டடங்களை வரைஞ்சப்போ தன் மனசுல இருந்தது டொராண்டோதான்னு 1992-ல அதே டொராண்டோ ஸ்டாருக்குக் கொடுத்த பேட்டியில அவரே சொல்லியிருக்கார்.

கிளீவ்லாந்துல கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில ஜெர்ரி சீகல்னு ஒரு கூட்டாளி கிடைச்சார். சீகல் எழுதுவார், ஷூஸ்டர் வரைவார். ரெண்டு பேருக்குமே அறிவியல் புனைகதைப் பைத்தியம். 1933-ல அவங்களே நடத்தின ஒரு குட்டிப் பத்திரிகையில 'சூப்பர்மேன்'ங்கற பேர்ல ஒரு கதை வந்தது. ஆனா அதுல சூப்பர்மேன் வில்லன்! ஒரு விஞ்ஞானியோட சோதனையால அடுத்தவன் மனசைப் படிக்கற சக்தி கிடைச்ச ஒரு பரதேசி. அதுக்கும் படம் ஷூஸ்டர்தான்.

1935-ல 'டாக்டர் அக்கல்ட்'னு ஒரு தொடர். பேய், பிசாசு, ரத்தக்காட்டேரி கேஸ்களைத் துப்பறியற ஒருத்தர். 1936-ல வந்த கதைகள்ல இந்தப் பேய் டிடெக்டிவ் உடம்போட ஒட்டின உடுப்பும் மேலங்கியும் போட்டுக்கிட்டு பறக்க ஆரம்பிச்சுட்டார். சூப்பர்மேன் அச்சுக்கு வர ரெண்டு வருஷம் முன்னாடி! மாயக்கதை, திகில், சூப்பர்ஹீரோன்னு நாம இப்போ தனித்தனி அலமாரியில அடுக்கறோம். ஷூஸ்டரோட மேசையில அது மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாத்தான் இருந்தது.

அந்த உடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை. "ஜட்டியை வெளிய போட்டுக்கிட்டுப் பறக்கறவர்"னு நம்ம ஊர்ல கிண்டல் பண்ணாத ஆளே இல்லை :-) அது அந்தக் காலத்து சர்க்கஸ் பயில்வான்களும் மல்யுத்தக்காரங்களும் போட்ட உடுப்பு. அதைப் பார்த்ததும் 'இவன் பலசாலி'ன்னு வாசகனுக்குப் புரிஞ்சிடும், விளக்கம் தேவையில்லை. மேலங்கி எதுக்குன்னா, அசையாத படத்துல வேகத்தைக் காட்ட. அது பின்னாடி விரிஞ்சு பறந்தாத்தான் ஆள் பாயறது தெரியும். கிளார்க் கென்ட்டோட கண்ணாடியும் கூச்சமும் பாதி ஷூஸ்டரேதான்.

பத்திரிகைக்குப் பத்திரிகை அலைஞ்சு, பல வருஷம் எல்லாரும் திருப்பி அனுப்பின பிறகு, 1938-ல வழி பிறந்தது. 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர், மொத்தம் 130 டாலர். 1938 மார்ச் 1 தேதியிட்ட செக். அதோட கதாபாத்திரத்தோட எல்லா உரிமையும் கம்பெனிக்குப் போயிடுச்சு. அன்னிக்கு காமிக்ஸ் தொழில்ல அதுதான் வழக்கம். இருபத்து மூணு வயசுப் பையன்க, பொருளாதார மந்தம், கையில வேற எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஜூன் மாச இதழா வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழோட விலை 10 சென்ட். அட்டையில ஒரு பச்சைக் காரைத் தலைக்கு மேல தூக்கி மோதற ஆள். 2024-ல அந்த இதழோட ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு.

பணம் வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. வரைஞ்சு கொடுத்ததுக்கு நல்ல சம்பளம் கொஞ்ச வருஷம் வந்தது. ஆனா ஷூஸ்டருக்கு ஒரு பிரச்சினை: கண்பார்வை ஆரம்பத்துல இருந்தே மோசம். தினசரித் தொடரும் சேர்ந்ததும் உதவியாளர்களை வெச்சு ஒரு ஸ்டுடியோ மாதிரி நடத்த வேண்டியதாச்சு. எழுத்தாளன்னா சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதிக்கலாம். ஓவியனுக்கு அந்த வசதி கிடையாது.

1947-ல ரெண்டு பேரும் கேஸ் போட்டாங்க. 1948-ல சமரசம் ஆச்சு. கிடைச்சது 94,000 டாலர் சொச்சம். அதுக்கு விலை? சூப்பர்மேன் மேல இருந்த உரிமைக் கோரிக்கையைக் கைவிடணும். அதுக்குப் பிறகு சூப்பர்மேன் இதழ்கள்ல இருந்து அவங்க பேரும் காணாமப் போச்சு. அதே வருஷம் 'ஃபன்னிமேன்'னு புதுசா ஒரு ஹீரோவை முயற்சி பண்ணினாங்க. ஓடலை.

அடுத்து வர்றதுதான் கதையோட இருட்டுப் பக்கம். 1954 வாக்குல நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் கடைகள்ல, மேசைக்கு அடியில வெச்சு வித்த மட்டமான குட்டிப் புத்தகங்கள்: 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்'. சாட்டை, சங்கிலி, சித்திரவதைன்னு போகும். வரைஞ்சவர் பேர் கிடையாது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல புரூக்ளின்ல நாலு விடலைப் பசங்க செஞ்ச கொலைகள் பெரிய பரபரப்பாச்சு. அந்தக் கூட்டத்தோட தலைவனைப் பரிசோதிச்ச மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், இந்தப் புத்தகங்களைக் காரணம் காட்டினார். அதே வெர்தாம்தான் அதே வருஷம் காமிக்ஸால பசங்க கெட்டுப்போறாங்கன்னு ஒரு புத்தகம் எழுதி, அதுல சூப்பர்மேனையும் சாடியவர். ரெண்டையும் வரைஞ்சது ஒரே கைன்னு அவருக்குத் தெரியாது. கேஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1957-ல 5-க்கு 4 நீதிபதிகள் தடையை உறுதி செஞ்சாங்க. புத்தகங்கள் அழிக்கப்பட்டன.

2009-ல கிரெய்க் யோங்கறவர் ஒரு புத்தகம் போட்ட பிறகுதான் வரைஞ்சது ஷூஸ்டர்னு பரவலாத் தெரிஞ்சது. அந்தப் படங்கள்ல இருக்கற ஆண் அச்சு அசல் கிளார்க் கென்ட். பெண் அப்படியே லோயிஸ் லேன். அதே தாடை, அதே புருவம், அதே நிற்கற தோரணை.

நமக்கு இது புதுசு இல்லை. வார இதழைப் புரட்டும்போது, ஓரத்துல இருக்கற கையெழுத்தைப் பார்க்காமலே இது ஜெயராஜ், இது மாருதி, இது மணியம் செல்வன்னு சொல்லிடுவோம் இல்லையா? கண்ணு காட்டிக் கொடுத்துடும், புடவை மடிப்பு காட்டிக் கொடுத்துடும். ஷூஸ்டர் விஷயத்துலயும் அதேதான். கம்பெனி அவர் பேரை எடுத்துச்சு. அப்புறம் வயித்துப்பாட்டுக்காக வரைஞ்ச இடத்துல பேரே போடலை. ரெண்டு இடத்துலயும் கோடு மட்டும் அவர் கோடாவே இருந்தது. சூப்பர்மேனை எழுதி வாங்கின பத்திரத்தால, அந்தத் தாடையை வரையற பழக்கத்தை அவர் விரல்கள்ல இருந்து எழுதி வாங்க முடியலை.

எனக்கு இதுல அசிங்கம் எதுவும் தெரியலை. உலகத்துலயே பலசாலியான மனுஷனைக் கற்பனை பண்ணின ஒருத்தர், நாற்பது வயசுல பார்வை மங்கிப்போய், அந்த மனுஷனையே கட்டிப்போட்டு, பேரில்லாம வரைஞ்சு விக்க வேண்டி வந்தது. நிஜமான திகில் கதை அதுதான்.

1975-ல சூப்பர்மேன் சினிமா எடுக்கப் போறாங்கன்னு செய்தி வந்தப்போ, சீகல் பொறுக்க முடியாம பத்திரிகைகளுக்கு நீளமா ஒரு கடிதம் எழுதினார். ஷூஸ்டர் அப்போ கிட்டத்தட்ட பார்வையில்லாம நியூயார்க்ல இருந்தார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் மாதிரி சக ஓவியர்கள் இறங்கிப் போராடினாங்க. அந்த டிசம்பர்ல வார்னர் கம்பெனி ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் கொடுக்கவும், பேரைத் திரும்பப் போடவும் ஒத்துக்கிச்சு. பணத்தைவிட அந்த ரெண்டாவதுதான் பெரிசு. 1978 படத்துல பேர் வந்தது. ஷூஸ்டர் 1992 ஜூலை 30 அன்னிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல இறந்தார்.

கதை அதோட முடியலை. 2012-ல அந்த 130 டாலரும் அடங்கின செக் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போச்சு! உரிமையை வாங்கின காசைவிட அந்தக் காசைக் கொடுத்த காகிதத்துக்கு ஆயிரம் மடங்குக்கு மேல விலை. இன்னொண்ணு: கனடா, பிரிட்டன் மாதிரி நாடுகளோட பதிப்புரிமைச் சட்டத்துல, படைப்பாளி உயிரோட இருக்கும்போது எழுதிக் கொடுத்த உரிமை, அவர் இறந்து 25 வருஷம் கழிச்சு வாரிசுக்குத் திரும்பும்னு ஒரு பிரிவு உண்டு. அந்தக் கணக்குப்படி பெரும்பாலான நாடுகள்ல 2017-லயே உரிமை திரும்பிடுச்சுன்னு ஷூஸ்டர் தரப்பு 2025 ஜனவரியில நியூயார்க்ல கேஸ் போட்டது. வெளிநாட்டுச் சட்டத்தை வெச்சு இங்க விசாரிக்க அதிகாரம் இல்லைன்னு ஏப்ரல்ல ஃபெடரல் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. யார் பக்கம் நியாயம்னு சட்டம் படிச்சவங்க சொல்லட்டும். 1938-ல போட்ட கையெழுத்து இன்னும் காயலைங்கறது மட்டும் எனக்குப் புரியுது.

கனடா அவரை மறக்கலை. 1995-ல சூப்பர்மேன் படத்தோட தபால்தலை வந்தது. 2005-ல இருந்து கனடிய காமிக்ஸ் படைப்பாளிகளுக்கு அவர் பேர்லயே விருது கொடுக்க ஆரம்பிச்சாங்க. கிங் தெருவுல பலகை இருக்கு. எல்லாம் அவர் போன பிறகு.

அடுத்த தடவை சூப்பர்மேன் படம் பார்க்கும்போது, எழுத்து ஓடற இடத்துல ஃபோனை எடுத்துடாதீங்க. 'உருவாக்கியவர்கள்'னு ரெண்டு பேர் வரும். ரெண்டாவது பேர் நம்ம டொராண்டோக்காரர். அந்த ஒரு வரி திரும்ப வர்றதுக்கு இருபத்தேழு வருஷம் ஆச்சு.