குறும்பியா, நரம்பா?

1801ஆம் ஆண்டு. பீத்தோவனுக்கு வயது முப்பது. தம் பால்ய நண்பரும் மருத்துவருமான வேகெலருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். காது மந்தமாகிக்கொண்டே வருகிறது, இரவும் பகலும் உள்ளே இரைச்சல் என்று புலம்புகிறார். வியன்னாவில் ஒரு மருத்துவர் வாதுமை எண்ணெய் கொடுத்துப் பார்த்தாராம், பலன் இல்லை. நம் வீட்டுப் பாட்டிமார் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் காதில் விட்ட வைத்தியத்துக்கும் இதற்கும் அதிக தூரம் கிடையாது.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோளாறு காதின் வாசலில் இருக்கிறதா, உள்ளே நரம்பில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல அன்று அவரிடம் என்ன கருவி இருந்தது?

குறும்பியைப் பற்றி மனிதனுக்கு வெகு காலமாகவே தெரியும். முதலாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த செல்சஸ், காது மந்தம் என்று வருபவருக்கு முதலில் காதுக்குள்ளே பார்க்கச் சொல்கிறார். உள்ளே இருப்பது புண்ணின் மேல் படிந்த பொருக்கா, வெறும் அழுக்கா என்று பார்க்க வேண்டும். அழுக்கு இளகியிருந்தால் சிறு கரண்டியால் எடுக்கலாம். இறுகியிருந்தால் காடியில் கொஞ்சம் சோடா உப்பு கலந்து விட்டு, ஊறிய பின் கழுவ வேண்டும். இன்றைக்கும் குறும்பியை இளக்க மருந்துக் கடையில் சோடா உப்புச் சொட்டு மருந்து கொடுக்கிறார்களே!

ஆனால் பார்ப்பது எப்படி? காதுத் துவாரம் குறுகல், கொஞ்சம் வளைவு வேறு. நோயாளியை ஜன்னலோரம் உட்காரவைத்துச் சூரியனை நம்ப வேண்டியதுதான். 1841இல் ஹோப்மன் என்ற ஜெர்மன் மருத்துவர், நடுவில் துளையிட்ட குழியாடியால் வெளிச்சத்தைக் காதுக்குள் பாய்ச்சி, அந்தத் துளை வழியாகவே பார்த்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1855இல் டிரோல்ட்ஷ் அதே முறையை எடுத்துப் பரப்பினார். பிறகு அது மருத்துவர் நெற்றியில் ஏறிக்கொண்டது. நம் இளமைக்கால சினிமாவில் டாக்டர் என்றால் நெற்றியில் வட்டக் கண்ணாடி இருக்குமே, அதுதான்.

கண்ணாடியால் குறும்பி தெரிந்தது, செவிப்பறை ஓட்டையும் சீழும் தெரிந்தன. நரம்பு தெரியவில்லை. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு வாத்தியக் கருவி. 1711இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய எக்காளக் கலைஞர் சுருதி சேர்க்கச் செய்த இசைக்கவை. பள்ளியில் நான் இயற்பியல் நடத்திய வருடங்களில் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டித் தட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டியதும் இதைத்தான்.

லைப்சிக் பேராசிரியர் வெபர் 1834இல் ஒரு சின்ன விஷயத்தை எழுதிவைத்தார். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகினால், ஒலி அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். வெபர் இதை நோயறியும் முறையாகச் சொல்லவில்லை. டிரெஸ்டனில் காது வைத்தியம் பார்த்த ஷ்மால்ஸ் 1840களில் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தினார். தட்டிய இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்தால், வாசலில் அடைப்பு என்றால் ஒலி கெட்ட காதுக்குப் போகும். நரம்பு கெட்டிருந்தால் நல்ல காதுக்குப் போகும். எவ்வளவு எளிமை பாருங்கள்!

1855இல் ரின்னெ இன்னொன்று சேர்த்தார். கவையைக் காதின் பின் எலும்பில் வைத்து, பிறகு காதுக்கு முன் பிடிப்பது. நல்ல காதுக்குக் காற்று வழிதான் கூடுதலாகக் கேட்கும், நன்றாக அடைத்த காதுக்கு எலும்பு வழி. அவர் 1868இல் காலமானார். முறைக்குப் பெயர் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் கவைக்கும் ஓர் எல்லை உண்டு. அடைப்பு குறும்பியாலா, செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய நீராலா என்று அது சொல்லாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பதில்.

இவ்வளவும் எழுதக் காரணம் என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர். ஒருநாள் காலையில் எழுந்தவருக்கு ஒரு காது 'ஙொய்' என்ற இரைச்சலோடு அடைத்துக்கொண்டது. தலைக்குக் குளித்ததில் குறும்பி ஊறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி ஆவதும் சகஜம்தான், தண்ணீர் பட்டால் குறும்பி உப்பும். ஒரு மாதம் எண்ணெயும் சொட்டு மருந்துமாகப் போனது. கடைசியில் காது மருத்துவர் பார்த்தபோது துவாரம் சுத்தமாக இருந்தது. நெற்றியில் வைத்த கவை நல்ல காதில் ஒலித்தது. திடீர் நரம்புச் செவிடு. முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் பலருக்குக் கேட்கும் திறன் ஓரளவாவது மீளும். அவருக்கு அந்த நாட்கள் கடந்துவிட்டன.

குறும்பி பெரும்பாலும் வலிக்காது. மடலை இழுத்தால் வலித்தால் துவாரத்தில் புண் இருக்கலாம். சளி காய்ச்சலோடு குத்தலும் சீழும் வந்தால் நடுக்காது. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர் காதில் எண்ணெயும் விடக்கூடாது, தண்ணீரும் அடிக்கக்கூடாது. பட்ஸ், ஹேர்பின், சாவி இவையெல்லாம் குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

அந்த மருத்துவர் மேசை இழுப்பறையில் வைத்திருந்த கவையில் 512 என்று பொறித்திருந்ததாம். என் பள்ளி ஆய்வகத்திலும் அதே எண் ஒன்று இருந்தது.