ராஜாஜி திறந்த கதவும் எம்.சி. ராஜா கேட்ட உரிமையும்

ராஜாஜியின் பெயரை எடுத்தாலே தமிழ்நாட்டில் இரண்டு அணிகள் வரிசைகட்டி நிற்கும். ஓர் அணிக்கு அவர் மூதறிஞர், மதுவிலக்கைக் கொண்டுவந்தவர், ஆலயக் கதவுகளைத் திறந்துவிட்டவர். இன்னோர் அணிக்கு அவர் குல்லுகப் பட்டர், இந்தியைத் திணித்தவர், குலக்கல்வியைக் கொண்டுவந்தவர். இந்த வழக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதில் நம்மைச் சாட்சிக் கூண்டில் மட்டும் நிறுத்துகிறார்கள். "இவர்களைக் கோயிலுக்குள் விட்டார் பாருங்கள்" என்கிறது ஒரு தரப்பு. "இவர்கள் பிள்ளைகளைப் பாதி நாளில் பள்ளியைவிட்டு அனுப்பினார் பாருங்கள்" என்கிறது மறுதரப்பு. நம் தலைவர்கள் அன்று என்ன கேட்டார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று இரு தரப்புமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து நாம் தொடங்குவோம்.

முதலில், அவர் செய்ததை மறைக்க வேண்டியதில்லை. 1925-இல் திருச்செங்கோடு அருகே அவர் தொடங்கிய காந்தி ஆசிரமம் கதரையும் மதுவிலக்கையும் மட்டும் பேசவில்லை, தீண்டாமை ஒழிப்பையும் பேசியது. 1932 பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. 1933-இல் தம் மகளைச் சாதி கடந்து காந்தியின் மகனுக்கு மணம் செய்துகொடுத்தார். அந்தக் காலத்தில் அவர் சாதியில் பிறந்த எத்தனை பேர் அதைச் செய்தார்கள்? இவற்றை மறைத்துவிட்டு நாம் பேசினால் நம் வாதம்தான் பலவீனப்படும்.

இனி 1938-க்கு வருவோம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். எதிரே எம்.சி. ராஜா. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டுவிட்டு ஆதிதிராவிடர் என்றே அரசு எழுத வேண்டும் என 1922-லேயே சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். 1938-இல் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, சாலை போன்றவற்றில் நம்மைத் தடுப்பதற்கு எதிரான முதல் மசோதா சட்டமானது. இரண்டாவது, மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேச மசோதா. அதற்கு ராஜாஜியின் ஆதரவு கிடைக்கும் என்று ராஜா நம்பியிருந்தார். ஆனால் ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். காங்கிரஸ் பெரும்பான்மை மசோதாவைத் தோற்கடித்தது. ராஜா காந்திக்கு எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்புங்கள் என்பதே காந்தியின் பதிலாக இருந்தது. பூனா ஒப்பந்தத்தின்போது தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்று அம்பேத்கரையே எதிர்த்து நின்றவர் எம்.சி. ராஜா. சாதி இந்துக்களின் மனசாட்சியை நம்பிய அவருக்கு ஆறே ஆண்டில் கிடைத்தது இதுதான்.

ராஜாஜி கொண்டுவந்த மாற்று, மலபாருக்கு மட்டுமான ஒரு சட்டம். அதுவும் சாதி இந்துக்களின் சம்மதத்தை முன்நிபந்தனையாக வைத்தது.

பிறகு 1939 ஜூலை 8. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட நம் தோழர்களும் ஒரு நாடாரும் நுழைந்தார்கள். சனாதனிகள் கொதித்தார்கள். நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்குப் பாயாமல் ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டத்தாலும் பிறகு ஆலயப் பிரவேசச் சட்டத்தாலும் காப்பாற்றியது. அதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் அவருக்கு இருந்தது.

ஆனால் அந்தச் சட்டம் என்ன சொன்னது என்று படியுங்கள். வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர்கள் கருதினால், அரசின் ஒப்புதலோடு அவர்கள் கோயிலைத் திறக்கலாம். திறப்பதும் திறக்காததும் அவர்கள் விருப்பம். உள்ளே போவது எங்கள் உரிமை என்று சொல்லும் சட்டம் 1947-இல்தான் வந்தது. எம்.சி. ராஜா அதைப் பார்க்கவில்லை. 1943-லேயே இறந்துவிட்டார்.

ராஜாஜியின் மரபைப் பிரிக்கும் கோடு இங்கேதான் ஓடுகிறது என்பது நம் கருத்து. தீண்டாமை பாவம் என்று அவர் நம்பினார். பாவம் செய்தவன் மனம் திருந்த வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் நம்பினார். காத்திருக்க வேண்டியவர்கள் மட்டும் எப்போதும் நாமாக இருந்தோம்.

1953-ஐ இந்தக் கோட்டோடு சேர்த்துப் பாருங்கள். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரம் நாளுக்கு ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகள் போதவில்லை, பணம் இல்லை, முறை வைத்து நடத்தினால் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது ராஜாஜியின் வாதம். இதில் சாதியே இல்லை, குலக்கல்வி என்பது எதிரிகள் வைத்த பெயர் என்றும் அவர் தரப்பு சொன்னது. சரி, ஒரு கேள்விதான். 1953-இல் தஞ்சைச் சேரியில் பிறந்த பிள்ளைக்கு அப்பன் தொழில் எது? பண்ணையில் கூலி வேலை. வேறு ஊரில் செத்த மாட்டைத் தூக்குவது, பறையடிப்பது, மலம் அள்ளுவது. இதைக் கற்க எந்தப் பிள்ளைக்கு தினமும் அரைநாள் வேண்டும்? நகரத்துப் பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் ஏன் இல்லை? பெரியார் தெருவில் இறங்கினார், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

இதே ஆட்சிக் காலத்தில்தான், 1952-இல், தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி விரட்டக் கூடாது என்றது அது. கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று சொன்ன ராஜாஜி ஏன் இதைச் செய்தார்? கீழத்தஞ்சையில் நம் மக்கள் செங்கொடியின் கீழ் திரண்டு நின்றதால். கேட்டு நின்றபோது மறுத்தவர், திரண்டு நின்றபோது கொடுத்தார். ஆனாலும் நிலம் கைமாறவில்லை. 1959-இல் கூட்டுறவுப் பண்ணைக்கும் நில உச்சவரம்புக்கும் எதிராகச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஜமீன்தார்களும் முன்னாள் மன்னர் குடும்பத்தினரும் அதில் வந்து சேர்ந்தார்கள்.

இன்று அவரைத் திட்டுவது எளிது. ஆனால் இதே கேள்வியை மறு அணியிடமும் கேட்போம். அவர் தொடங்கிய கட்சி 1967 தேர்தலில் யாரோடு கூட்டணி வைத்தது? அந்தக் கூட்டணி வென்று ஆட்சி அமைத்த அடுத்த ஆண்டே கீழ்வெண்மணி எரிந்தது. இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு 1939-இல் உயிரிழந்த நடராசனை மொழிப்போர் தியாகி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் ஒரு தலித் இளைஞர் என்பதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள்?

அடுத்த முறை உங்கள் கல்லூரியிலோ வாசிப்பு வட்டத்திலோ "ராஜாஜி நல்லவரா கெட்டவரா" என்று பட்டிமன்றம் வைத்தால், தோழர்களே, எந்த அணியிலும் சேராதீர்கள். 1938 சட்டமன்ற விவாதங்களைத் தேடி எடுத்து எம்.சி. ராஜா பேசியதை உரக்கப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு தலைவரையும், நம் தலைவர்கள் உட்பட, ஒரே கேள்வியால் அளப்போம்: அவர் கொடுத்தது அனுமதியா, உரிமையா?